புதைத்த தாலந்தும் விதைத்த தாலந்தும்



செப்டம்பர் மாதம் 21-ஆம் நாள் அர்ச். மத்தேயுவின் திருநாள். அதை முன்னிட்டு, நமது வீடுகளில் அடிக்கடி எழும்புகிற ஒரு வழக்கைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

படித்து முடித்த மகன் ஒரு வேலையில் சேருகிறான். மாதச் சம்பளம் வருகிறது; படிப்புக்காகப் பட்ட கடனும் மெள்ள அடைபடுகிறது. இரண்டு வருஷம் சென்றபின் ஒரு நாள், "காலை முதல் மாலைவரை ஒரே கணக்கை ஒரே விதமாய் எழுதி அலுத்துப் போனேன். எனக்குச் சித்திரம் வரும், அந்தத் தொழிலுக்கே போகிறேன்" என்கிறான். தகப்பனாருக்குக் கோபம், தாயாருக்குக் கண்ணீர். சொல்வது மகளானால் வீடே இரண்டுபடும். இதில் நியாயம் யார் பக்கம்?

அர்ச். மத்தேயு ஆயக்காரர். கப்பர்நாகும் ஊரில் ஆயத்துறையில் உட்கார்ந்து வரிப்பணம் எண்ணிக் கணக்கெழுதியவர். சேசுநாதர் சுவாமி அழைத்ததும் எழுந்து பின்சென்றார். நாற்காலியை விட்டாரே தவிர, அவர் கை கற்ற பழக்கம் வீணாகவில்லை. கணக்கெழுதிய அந்தக் கையே பிற்பாடு சுவிசேஷத்தை எழுதிற்று என்பது திருச்சபையின் பாரம்பரியம். எஜமான் தன் ஊழியரிடம் ஒப்புவித்த தாலந்துகளின் உவமையை நாம் வாசிப்பதும் அவருடைய சுவிசேஷத்தில்தான்.

நமது கரிசல் மண்ணிலும் இதற்கு ஒப்பான ஒரு காரியம் நடந்திருக்கிறது. கோவில்பட்டிக்கு அருகே உள்ள இடைசெவலில் 1923-ஆம் ஆண்டு பிறந்தவர் கு. அழகிரிசாமி. இளம் வயதில் பத்திரப் பதிவு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தார். சர்க்கார் உத்தியோகம்! கிழக்கெல்லை, மேற்கெல்லை, விஸ்தீரணம் என்று நாள் முழுதும் பத்திரங்களோடு பழகுகிற வேலை. அந்த உத்தியோகத்தை விட்டு, சென்னைக்குச் சென்று 'ஆனந்தபோதினி' பத்திரிகையில் சேர்ந்தார். பின்பு பல பத்திரிகைகளில் உழைத்தார். மலாயாவுக்குப் போய் 'தமிழ் நேச'னிலும் சில ஆண்டுகள் பணி செய்தார். ஏழை எளியவரின் வீடுகளையும் குழந்தைகளின் மனசையும் கதைகளாக எழுதினார். 1970-இல் தமது 46-ஆம் வயதில் காலமானார். அவ்வாண்டின் சாகித்திய அக்காதெமி பரிசு 'அன்பளிப்பு' என்னும் அவரது நூலுக்குக் கிடைத்தது. அதைக் கையால் வாங்க அவர் இல்லை. அவர் நமது வேதத்தைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் வரங்களைப் பகிர்ந்தளிக்கிற சர்வேசுரன் ஒருவரே அல்லவா?

"அப்படியானால் எல்லோரும் வேலையை உதறிவிட வேண்டியதுதானா?" என்று கேட்பீர்கள். அவசரப்படாதேயுங்கள்.

அதே இடைசெவலில் அவருடைய பால்ய சிநேகிதர் ஒருவர் இருந்தார். அவர்தாம் கி. ராஜநாராயணன். பள்ளிப் படிப்பை முடிக்காதவர், விவசாயி. சிநேகிதர் பட்டணம் போனபோது இவர் ஊரில் நிலத்தோடு இருந்தார். முப்பது வயது கடந்த பிறகே கதை எழுதத் தொடங்கினார். சுற்றிலும் கேட்ட பேச்சையும் பழங்கதைகளையும் சேர்த்து வைத்தார். கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தார். புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. 1991-இல் 'கோபல்லபுரத்து மக்கள்' என்ற நாவலுக்காக அவருக்கும் சாகித்திய அக்காதெமி பரிசு கிடைத்தது. அர்ச். சின்னப்பரும் இப்படியே அல்லவா? கொரிந்து நகரில் கூடாரம் செய்து பிழைத்துக்கொண்டே வேதம் போதித்தார்.

ஒருவர் விட்டுப் போனார். ஒருவர் இருந்த இடத்திலேயே இருந்தார். இருவரும் தங்கள் தாலந்தைப் பெருக்கினார்கள். ஆகையால் வேலையை விடுவதா, இருப்பதா என்பது முதற்கேள்வி அல்ல. சர்வேசுரன் எனக்குக் கொடுத்தது என்ன, அதை யாருக்காகச் செலவிடுகிறேன் என்பதே முதற்கேள்வி.

ஒரு தாலந்து என்பது அக்காலத்தில் ஏறக்குறைய 6000 நாள் கூலி. ஒன்றே பெற்ற ஊழியனும் கொஞ்சமாகப் பெறவில்லை. அவன் அதைத் திருடவில்லை, குடித்து அழிக்கவில்லை. பயந்து மண்ணில் புதைத்தான். அதற்கே கண்டனம் பெற்றான். ஐந்தைப் பத்தாக்கினவனுக்கும் இரண்டை நான்காக்கினவனுக்கும் எஜமான் சொன்ன புகழ்ச்சியோ ஒன்றே.

வாலிபரே, அலுப்பு மாத்திரம் தேவ அழைத்தல் ஆகாது. சித்திரத் தொழிலிலும் அலுப்பு உண்டு. அழித்து அழித்து எழுதுகிற எழுத்தாளனுக்கும் உண்டு. ஆகவே உங்களையே சோதித்துப் பாருங்கள். வேலை முடிந்து களைத்து வந்த பின்னும் அந்தக் காரியத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குகிறீர்களா? ஒருவரும் புகழாத நாளிலும் செய்கிறீர்களா? உங்கள் சம்பளத்தை நம்பியிருக்கிற தங்கையின் படிப்புக்கும் தாயாரின் மருந்துக்கும் வழி செய்தீர்களா? இவற்றுக்கு ஆம் என்று சொல்லக்கூடுமானால் பயப்படாமல் புறப்படுங்கள். கூடாதானால், இருக்கிற வேலையை ஒழுங்காய்ச் செய்துகொண்டே கைப்பழக்கத்தை வளருங்கள்.

பெற்றோரே, கடன்பட்டவரின் பயம் நமக்குத் தெரியாததல்ல. வெயிலில் நின்றும் தீப்பெட்டி ஒட்டியும் பிள்ளையைப் படிக்க வைத்தீர்கள். ஆனால் பிள்ளை உங்களுக்கு ஒப்புவிக்கப்பட்ட தாலந்து. அவனை ஒரு நாற்காலியில் புதைத்துவிட்டுப் பத்திரமாக இருக்கிறான் என்று மகிழலாமா? "பக்கத்து வீட்டுப் பையனைப் பார்" என்று சொல்லுமுன், அவன் வரைந்ததை ஒரு தரமாவது கையில் வாங்கிப் பாருங்கள். கடன் கணக்கை அவன் முன் வைத்து, ஒரு தவணை குறித்து, இருவருமாய்ப் பேசுங்கள். சண்டையில் எடுத்த முடிவு இருவருக்கும் ஆகாது.

இது புரட்டாசி மாதம். நமது மானாவாரிக் காடுகளில் மழைக்கு முன்னமே விதைக்கிறவர்கள் உண்டு. வானத்தில் மேகம் இல்லை. ஆனாலும் பருவம் அறிந்து, நிலத்தை உழுது, நல்ல விதை பார்த்து இடுகிறார்கள். உவமையின் ஊழியனும் மண்ணைத் தோண்டினான்; நமது சம்சாரியும் மண்ணைக் கிளறுகிறான். அவன் பயத்தினால் தோண்டினான். இவன் நம்பிக்கையினால் உழுகிறான்.

இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் ஜெபமாலை முடிந்தபின், பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாய் உட்கார்ந்து, "நம்மில் யாருக்குச் சர்வேசுரன் என்ன வரம் கொடுத்திருக்கிறார்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். தச்சுப் பட்டறையில் உழைத்த அர்ச். சூசையப்பர் உங்கள் வீட்டாரின் கைத்தொழிலை எல்லாம் ஆதரித்து, உங்களுக்காக வேண்டிக்கொள்வாராக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு