ஆயுதம் ஏந்துவோரின் அமானிதம்

செயல்கள் யாவும் நிய்யத்தைக் கொண்டே மதிக்கப்படும் என்பது நாம் அனைவரும் சிறு வயதிலேயே ஓதிய பாடம். ஆனால் இந்தப் பாடத்திலிருந்து ஒரு தவறான முடிவுக்கு வந்துவிட்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். நிய்யத்து நன்றாக இருந்துவிட்டால் அதன்பின் எது நேர்ந்தாலும் தம்மீது பழியில்லை என்பது அவர்கள் எண்ணம். இது சரிதானா? கைத்துப்பாக்கியை முன்வைத்து இக்கேள்வியைச் சற்று ஆராய்வோம்.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றி எவரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. அமெரிக்காவில் நிலைமை வேறு. ஆயுதம் வைத்திருக்கும் உரிமை 1791-லேயே அந்நாட்டு அரசியல் சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது. தற்காப்புக்காக வீட்டுக்கு வெளியிலும் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என 2022-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் இதற்கு அனுமதிச் சீட்டும் தேவையில்லை.

2014 டிசம்பர் 30-ஆம் நாள் ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் என்னும் ஊரில் ஒரு தாய் தம் இரண்டு வயது மகனுடன் கடைக்குச் சென்றார். துப்பாக்கி எடுத்துச் செல்ல உரிமம் பெற்றிருந்தவர் அவர். துப்பாக்கி வைப்பதற்கென்றே ஜிப் வைத்துத் தைத்த அறையுள்ள கைப்பையில் அது இருந்தது. தள்ளுவண்டியில் அமர்ந்திருந்த குழந்தை பைக்குள் கையை விட்டது. துப்பாக்கி வெடித்தது, தாய் அங்கேயே உயிரிழந்தார். அந்தத் தாயைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர் சட்டத்தை மீறவில்லை. எவருக்கும் தீங்கு நினைக்கவுமில்லை. ஆனால் நல்ல நிய்யத்தும் உரிமமும் ஒன்றுசேர்ந்தும் ஓர் உயிரைக் காக்கவில்லை என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

இரவில் உறங்கும்முன் விளக்கை அணைத்துவிடுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்று அதற்குக் காரணமும் கூறினார்கள். எலிக்கு ஏது நிய்யத்து? விளக்கேற்றியவருக்குத்தான் ஏது கெட்ட எண்ணம்? அப்படியிருந்தும், அறியாத பிராணி செய்யக்கூடியதை முன்கூட்டியே நினைத்துப் பார்ப்பது வீட்டுக்காரர்மீது கடமையாயிற்று. எலி விஷயத்தில் இப்படியென்றால், எதையும் எடுத்துப் பார்க்கத் துடிக்கும் பச்சிளங் குழந்தையின் விஷயத்தில் எப்படி என்று சொல்லவும் வேண்டுமோ!

ஆயுதம் பற்றியே வந்துள்ள ஹதீதுகள் இன்னும் தெளிவானவை. அம்புகளுடன் பள்ளிவாசலையோ கடைத்தெருவையோ கடந்து செல்பவர் அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். உறையிலிருந்து உருவிய வாளைக் கைமாற்றுவதைத் தடுத்தார்கள். ஒருவர் தம் சகோதரரை நோக்கி ஆயுதத்தைச் சுட்டலாகாது, ஷைத்தான் கையை நழுவச் செய்து அவரை நரகக் குழியில் வீழ்த்திவிடக்கூடும் என எச்சரித்தார்கள். உடன்பிறந்த சகோதரராயினும் இரும்பை அவர்பக்கம் நீட்டினால் மலக்குகள் சபிப்பார்கள் என்றும் கூறினார்கள். உடன்பிறந்தாரிடம் விளையாட்டாகத்தானே நீட்டுவார்கள்! அந்த விளையாட்டும் இங்கே மன்னிக்கப்படவில்லை.

1976-ல் அரிசோனாவில் துப்பாக்கிப் பயிற்சிக்கூடம் ஒன்றை நிறுவிய ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கர் நான்கு விதிகளைப் பரப்பினார். எல்லாத் துப்பாக்கிகளும் எப்போதும் குண்டு நிறைந்தவை என்றே கருத வேண்டும். அழிக்க விரும்பாத எதன்மீதும் அதன் வாயைத் திருப்பக் கூடாது. குறி பார்க்கும்வரை விரல் விசையைத் தொடக் கூடாது. குறி எது, அதற்குப் பின்னால் இருப்பது என்ன என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். அம்பு முனையைப் பற்றியும் உருவிய வாளைப் பற்றியும் நாம் மேலே கண்டவற்றுடன் இவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். அனுபவம் கற்பித்த கவனமும் மார்க்கம் கற்பித்த கவனமும் ஒரே திசையில் நிற்கின்றன.

முதல் விதிக்குத் தக்க காரணமுண்டு. இன்றைய கைத்துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டாப் பெட்டியைக் கழற்றிய பின்னரும் குழலின் அடியில் ஒரு தோட்டா தங்கியிருக்கக்கூடும். பெட்டியைக் கழற்றியவர் காலியாகிவிட்டது என நம்புகிறார், விசையை அழுத்துகிறார், ஓர் உயிர் போய்விடுகிறது. "காலி என்றல்லவா நினைத்தேன்!" என்ற புலம்பலே மிஞ்சுகிறது.

அந்தப் புலம்பல் ஒரு நியாயமாகுமா? தவறுதலாக ஒரு முஃமினைக் கொன்றவருக்குத் திருமறை நாலாம் அத்தியாயத்தின் 92-ஆம் வசனம் சட்டம் கூறுகிறது. இறந்தவரின் குடும்பத்தார் மன்னித்தாலன்றி அவர்களுக்கு நஷ்ட ஈடு கொடுக்கப்பட வேண்டும். ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும். அதற்கு வழியில்லாதவர் இரண்டு மாதங்கள் தொடர்ந்து நோன்பு நோற்க வேண்டும். பழியே இல்லையென்றால் பரிகாரம் எதற்கு? ஹனஃபீ மத்ஹபின் ஹிதாயா என்னும் நூல் இதை விளக்குகிறது. இத்தகையவர்மீது கொலையின் பாவம் இல்லை; ஆயினும் நன்கு உறுதிசெய்துகொள்ளத் தவறிய குற்றத்திலிருந்து அவர் நீங்கியவரல்லர். நம் கேள்விக்கு விடை இதுவே. நிய்யத்து கொலைப் பாவத்தை நீக்குகிறது. கவனக்குறைவின் பொறுப்பை நீக்குவதில்லை.

"பிறர் காலி என்று சொன்னார்களே!" என்பவர்களும் உண்டு. 2021 அக்டோபரில் நியூ மெக்ஸிகோவில் 'ரஸ்ட்' என்ற படத்தின் ஒத்திகையில், ஆபத்தில்லாதது என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட துப்பாக்கி வெடித்து ஒளிப்பதிவாளர் மாண்டார். ஆயுதப் பொறுப்பாளருக்கு 2024-ல் 18 மாதச் சிறை விதிக்கப்பட்டது. துப்பாக்கியைப் பிடித்திருந்த நடிகர் மீதான வழக்கு, அரசுத் தரப்பு ஆதாரத்தை மறைத்தது என்ற காரணத்தால் தள்ளுபடியாயிற்று. ஒரு செயலில் நேராகச் செய்தவரும் காரணமாக இருந்தவரும் சேர்ந்திருந்தால் சட்டம் பொதுவாக நேராகச் செய்தவரையே சாரும் என்பது ஃபிக்ஹின் விதி. எனவே பிறர் சொல்லை நம்பாமல், கையில் வாங்கியவர் தாமே திறந்து பார்ப்பதே பேணுதலாகும்.

விதியின்மீது பழி போடுவதும் முறையன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டச் சொன்னது நம் நபி (ஸல்) அவர்களன்றோ! துப்பாக்கியைப் பூட்டி வைப்பதும், தோட்டாக்களை வேறிடத்தில் பூட்டி வைப்பதும், வெளியே கொண்டு செல்கையில் விசையை மூடும் உறையில் இடுப்போடு வைப்பதும் அந்த ஒட்டகத்தைக் கட்டுவதேயாகும். கோபம் தலைக்கேறும் இயல்புடையவர் அதை ஏந்தாமலிருப்பதே அவருக்கும் பிறருக்கும் நலம்.

நம் நாட்டின் சில வட்டாரங்களில் திருமணக் கொண்டாட்டங்களில் வானத்தை நோக்கிச் சுடும் வழக்கம் இருக்கிறது. மேலே போன குண்டு கீழே வந்தே தீரும். பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி இவ்வாறு சுடுவோருக்கு 2019-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. மகிழ்ச்சி கொண்டாடும் நிய்யத்து இங்கும் துணைக்கு வராது.

துப்பாக்கியைக் கண்ணாலும் காணாத இல்லங்களிலும் பூச்சிமருந்துப் புட்டி இருக்கிறது. மோட்டார் வாகனம் இருக்கிறது. அவையும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களே. பிறர் உயிரைப் போக்கவல்ல எதையும் கையில் எடுக்குமுன் அதன் முனையைப் பற்றிக்கொள்ளும் கவனத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.