ஒன்றரை நொடி

இரண்டு வருஷம் முன்பு ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன். வெள்ளிக்கிழமை ராத்திரி பெரம்பலூரில் பஸ் இறங்கி, ஸ்டாண்டில் போட்ட பைக்கை எடுத்துக்கொண்டு அரியலூர்ப் பக்கம் இருக்கும் ஊருக்குப் போக வேண்டும். சுண்ணாம்புக்கல் லாரி, சிமெண்ட் லாரி எல்லாம் போய்விட்டால் அந்த ரோட்டில் மக்காச்சோளக் கொல்லையும் இருட்டும்தான். அதுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம்.

வாங்கின கையோடு அதை வேகமாகத் திறக்கப் பழகினேன். பாக்கெட்டிலிருந்து இழுத்து, கட்டைவிரலால் தள்ளி, 'டக்' என்று பூட்டு விழும்வரை. வீடியோ எடுத்து நேரம் பார்ப்பேன். முதல் நாள் மூன்று நொடி. ஒரு மாதத்தில் ஒன்றரை. நாள் முழுக்க மில்லிசெகண்டுகளைக் குறைத்துச் சம்பளம் வாங்குகிறவனுக்கு இதில் ஒரு சந்தோஷம் இருந்ததை மறைக்க முடியாது.

1983-இல் டென்னிஸ் டியூலர் என்ற அமெரிக்கப் போலீஸ்காரர் ஒரு கட்டுரை எழுதினார். கத்தியோடு ஓடிவருகிறவன் 21 அடியைச் சுமார் ஒன்றரை நொடியில் கடந்துவிடுவான், போலீஸ்காரர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும் என்றார். என் கணக்குக்கு இது பெரிய அடி. ரோட்டில் ஒருத்தன் ஆறேழு அடியில்தான் நிற்பான். அவன் நோக்கம் தெரிந்த பிறகு கத்தியை எடுத்தால் எனக்கு நேரம் போதாது. போதவேண்டுமென்றால் தெரிவதற்கு முன்பே எடுக்க வேண்டும். அந்த ஒரு மாதமும் நான் பழகியது அதைத்தான் என்று அப்போது உறைக்கவில்லை.

சட்டம் வேறு இடத்தில் நிற்கிறது. பாரதிய நியாய சங்கிதையின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. உடலுக்கு ஆபத்து என்ற நியாயமான அச்சம் எழும்போது அந்த உரிமை தொடங்குகிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. ஓடித்தான் தப்பிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. கத்தியின் நீளத்துக்கும் விதி உண்டு. 2016 ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் அது ஆயுதம். விவசாயக் கருவிகளுக்கு விலக்கு. எங்கள் ஊரில் என் கத்தியை விடப் பெரிய அரிவாள் எல்லா வீட்டுக் கூரையிலும் செருகியிருக்கும். யாரும் அதை எடுத்து நேரம் பார்த்ததில்லை.

போன மார்கழியில், நின்றிருந்த லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் ரோட்டுக்கு வந்து கையை ஆட்டினான். நிறுத்தினேன். அவன் பக்கத்தில் வருவதற்குள் கத்தி திறந்து என் தொடையோரம் இருந்தது. எடுத்தது எனக்கே ஞாபகமில்லை.

"அண்ணே, கொஞ்சம் செல் லைட்டு அடிங்களேன், டயரு கழட்டணும்" என்றவன் என் கையைப் பார்த்தான். இரண்டடி பின்னால் போனான். "சரிங்க, வேணாங்க."

அவன் கையில் வீல் ஸ்பேனர் இருந்தது. அந்த நேரத்தில் நியாயமான அச்சம் அவனுக்குத்தான். அதால் என் மண்டையில் ஒன்று போட்டிருந்தால் தற்காப்பு உரிமை அவன் பக்கம்தான் நின்றிருக்கும். நான் மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன்.

ஆனால் இதை வைத்து 'ஆயுதமே தப்பு' என்று முடிக்கவும் எனக்குத் துணிவில்லை. கோழைத்தனமா வன்முறையா என்ற இரண்டே வழி இருந்தால் வன்முறையைத்தான் பரிந்துரைப்பேன் என்று 1920-இல் எழுதியவர் காந்தி. என்னோடு வேலை செய்யும் ஒரு பெண் நைட் ஷிப்ட் முடிந்து பெப்பர் ஸ்ப்ரேயைக் கையிலேயே வைத்துக்கொண்டுதான் கேப் ஏறுவாள். அவளுக்கு நடந்தது எனக்கு நடந்ததில்லை. என் பயம் பெரும்பாலும் யூடியூப் தந்தது.

சித்தப்பா ஆடு மேய்க்கிறவர். வேட்டி மடிப்பில் ஒரு பழைய மடக்குக் கத்தி வைத்திருப்பார். நகத்தால் கிள்ளி, இரண்டு கையாலும் திறக்க வேண்டும்.

"இத யாருகிட்டயாவது காட்டியிருக்கீங்களா சித்தப்பா?"

"ஒரு தடவ நாயி ஆட்ட கவ்விச்சு. அவசரத்துல தேடுனேன், கெடைக்கல. குச்சியாலதான் அடிச்சேன்."

"அப்புறம் எதுக்கு வச்சிருக்கீங்க?"

"கயிறு அறுக்க வேணாமா?"

என் கத்தி இப்போது பைக்கின் பக்கப் பெட்டியில், ரெயின்கோட்டுக்கு அடியில் கிடக்கிறது. சாவி போட்டுத்தான் எடுக்க வேண்டும். போன வாரம் தார்ப்பாய்க் கயிறு அறுக்க எடுத்தேன். மண் ஏறி இறுகியிருந்தது. திறக்க எனக்கும் இரண்டு கை தேவைப்பட்டது.