அவநம்பிக்கையும் தப்பெண்ணமும்: ஒரு கற்பனைப் பாத்திரம் எழுப்பும் அறவினா

அந்நியர்மீது கொள்ளும் அவநம்பிக்கை எக்கட்டத்தில் தப்பெண்ணமாக மாறுகின்றது என்பது ஒழுக்கவியலின் கடினமான வினாக்களுள் ஒன்றாகும். அவநம்பிக்கை யாவும் குற்றமெனின், எச்சரிக்கை என்னும் பண்புக்கே இடமில்லாது போய்விடும். திருக்குறளின் ‘தெரிந்துதெளிதல்’ என்னும் அதிகாரம், ஆராயாது வைக்கும் நம்பிக்கையையும் ஆராய்ந்தபின் கொள்ளும் சந்தேகத்தையும் ஒருங்கே கண்டிக்கின்றது. ஆயின், அங்கே ஆராயப்படுபவன் அரசவினைக்குத் தெரிவு செய்யப்படும் தனியொருவன். ஆராயப்படுவது ஒரு முழு இனமாயின் என்ன செய்வது? இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பும் பாத்திரமொன்று அண்மைக்காலக் கலைவடிவமாகிய வீடியோ விளையாட்டிலே காணப்படுகின்றது.

கனடாவின் பயோவெயர் நிறுவனம் 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மாஸ் எபெக்ட்’ என்னும் விளையாட்டின் கதை 2183 ஆம் ஆண்டில் நிகழ்வது. விண்வெளியிற் பரவிய மனிதகுலம் 2157 இல் ரூரியர் என்னும் வேற்றுலக இனத்தவரோடு முதன்முதலாக மோதியது. அம்மோதலில் ஷான்சி என்னும் மனிதக் குடியேற்றம் முற்றுகையிடப்பட்டது. அங்கிருந்த படைத்தலைவர் வில்லியம்ஸ், மேலும் உயிர்கள் அழிவதைத் தவிர்க்கும்பொருட்டுச் சரணடைந்தார். அவருடைய பேர்த்தியே அஷ்லி வில்லியம்ஸ். கதாநாயகரான ஷெப்பேர்ட்டின் ‘நோர்மண்டி’ என்னும் கப்பலிற் பணியாற்றும் இப்போர்வீராங்கனை, ரூரியனான கரஸ், குரோகனான ரெக்ஸ் போன்ற வேற்றினத்தார் அக்கப்பலில் தடையின்றி உலாவுவதை விரும்புவதில்லை. இதனால் அவளை இனவெறி கொண்டவள் எனக் கருதும் விளையாட்டாளர் பலர். இத்தீர்ப்பு நியாயமானதா என்பதே இங்கு நோக்கப்படுவது.

அமெரிக்க உளவியலாளரான கோர்டன் ஓல்போட், 1954 இல் வெளியிட்ட தமது நூலில், முன்முடிவையும் தப்பெண்ணத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். முன்முடிவின்றி மனித சிந்தனை இயங்காது. வகைப்படுத்தியே மனம் உலகை அறிகின்றது. புதிய உண்மை எதிர்ப்படும்போதும் திருத்தத்துக்கு இடங்கொடாத முன்முடிவே தப்பெண்ணமாகின்றது என்பது அவரது கருத்து. இவ்வளவுகோலுடன் மற்றொன்றையும் சேர்த்துக் கொள்ளுதல் பொருந்தும். அவநம்பிக்கை எதன்மீது செல்கின்றது என்பதே அது. ஓர் அரசின் நோக்கத்தை ஐயுறுவது வேறு. அவ்வரசின் குடியாகப் பிறந்த ஒருவனின் நேர்மையை ஐயுறுவது வேறு.

அஷ்லியின் முதன்மையான வாதம் அரசியல் சார்ந்தது. கரடியொன்றிடம் அகப்பட்ட மனிதன் தான் நேசிக்கும் நாயையே அதன்மீது ஏவிவிட்டுத் தப்பியோடுவான். அவ்வாறே நெருக்கடி வரும்போது வேற்றினத்தார் மனிதரைக் கைவிடுவர் என அவள் கருதுகின்றாள். இவ்வாதத்தைக் கூர்ந்து நோக்கின், அதில் வேற்றினத்தாரைப் பற்றிய தனிப்பழி எதுவுமில்லை என்பது புலனாகும். மனிதரும் அந்நிலையில் அதையே செய்வர் என்பது உவமையிலேயே அடங்கியுள்ளது. ஒவ்வோர் இனமும் தன்னலத்தையே முதலிற் பேணும் என்னும் கோட்பாடு கசப்பானதாயினும், எல்லோர்க்கும் ஒரே அளவாகப் பிரயோகிக்கப்படுகின்றது. தனக்கு ஒரு நீதி, பிறர்க்கு ஒரு நீதி என்னும் தப்பெண்ணத்தின் இயல்பு இதனுள் இல்லை. மனிதரின் அதிநவீன போர்க்கப்பலிற் பிறர் புழங்குவதைக் கேள்விக்குட்படுத்துதல் போர்வீரரின் கடமையுமாகும். எனினும் அக்கப்பல் மனிதரும் ரூரியரும் கூடி வடிவமைத்தது என்பதையும் மறத்தலாகாது.

ஆயின், அவளுடைய கூற்றுகள் யாவும் இவ்வாறு காக்கத்தக்கனவல்ல. பல்லினத்தார் வாழும் சிற்றடெல் என்னும் விண்நிலையத்திலே, வேற்றினத்தாரையும் விலங்குகளையும் பிரித்தறிய இயலவில்லை என்னும் பொருள்பட அவள் பேசுகின்றாள். இங்கு அரசுமில்லை, கொள்கையுமில்லை. இகழ்ச்சி மட்டுமே உண்டு. எதிரே நிற்பவர் யாவர், என்ன செய்தார் என்னும் வினா எழுவதற்கு முன்பே தீர்ப்பு வழங்கப்பட்டுவிட்டது. இதனைத் தப்பெண்ணம் எனக் கூறுவதிற் பிழையில்லை.

இதனினும் ஆழமான முரண் ஒன்று அவளது குடும்ப வரலாற்றில் உண்டு. ஷான்சியை முற்றுகையிட்டோர் ரூரியரே. ஆயினும், உயிர்களைக் காக்கச் சரணடைந்த ஒருவரின் பெயரைக் களங்கமாக்கி, அவருடைய மகனுக்கும் பேர்த்திக்கும் உயர்வு கிட்டாது செய்தோர் மனிதரே. அவள் சேவை செய்யும் படையினரே. தன்னவர் இழைத்த அநீதியை எதிர்கொள்வது கடினம். எதிர்கொண்டால், தான் சார்ந்து நிற்கும் நிலமே அசைந்துவிடும். அந்நியனை வெறுப்பதற்கு அத்தகைய விலை கொடுக்க வேண்டியதில்லை. பரம்பரையாக வரும் காயம் தன் காரணத்தை விட்டு வேறோர் இலக்கை நாடுவது இவ்வாறே. காயம் உண்மையானது என்பதனால், அது சுட்டும் திசையும் உண்மையானதாகிவிடாது.

அவளுடைய எதிர்வுகூறல் நிறைவேறியதே என ஒருவர் வாதிக்கலாம். 2012 இல் வெளிவந்த மூன்றாம் பாகத்தில், ரீப்பர் என்னும் இயந்திரப் பகைவர் பூமியைத் தாக்கும்போது ஏனைய அரசுகள் உடனடி உதவியை மறுக்கின்றன. எனினும் ரூரியரின் தாயுலகமும் அதே வேளையில் எரிந்து கொண்டிருந்தது. பின்னர் அவர்களுடைய கப்பல்களும் பூமிக்காகப் போரிட்டன. மேலும், ஒரு கருத்து உண்மையாக முடிந்தமை மட்டுமே அது முறையாகக் கொள்ளப்பட்டது என்பதற்குச் சான்றாகாது. மெய்ப்பிக்கப்பட்டது அரசுகளைப் பற்றிய அவளது கணிப்பேயன்றி, தன்னோடு தோள்சேர்ந்து போரிட்ட கரஸைப் பற்றிய ஐயமன்று.

திருத்தத்துக்கு இடமுண்டா என்னும் அளவுகோலால் நோக்கின் அவளுக்குச் சாதகமான சான்றுகளும் உள. வேற்றினத்தாரோடு ஒரே அணியில் நின்று அவள் போரிடுகின்றாள். உயிர்தப்பி வாழ்வாளாயின், மூன்றாம் பாகத்தில் பல்லின மன்றத்தின் சிறப்புப் பணியாளராகும் இரண்டாவது மனிதராக அவள் உயர்கின்றாள். தான் நம்ப மறுத்த அமைப்புக்கே அவள் சேவகியாகின்றாள். தப்பெண்ணம் உடையவராயிருத்தல் வேறு, அதிலேயே உறைந்துபோதல் வேறு என்பதை இம்மாற்றம் உணர்த்துகின்றது.

‘உயிர்தப்பி வாழ்வாளாயின்’ என்னும் நிபந்தனை முக்கியமானது. முதற்பாகத்தில் வேர்மயர் என்னும் கோளில், அஷ்லி, கெய்டன் ஆகிய இருவருள் ஒருவரை மட்டுமே காப்பாற்ற முடியும். அவளது தொடக்கப் பேச்சுகளைக் கொண்டே அவளை இனவெறியள் எனத் தீர்மானித்து, அவளைச் சாகவிட்டதாகக் கூறும் விளையாட்டாளர் உளர். சில சொற்களைக் கொண்டு ஒருவரை ஒரு வகைக்குள் அடைத்து, அவர் மாறக்கூடும் என்னும் வாய்ப்பையே அழித்துவிடுதல் எத்தகைய செயல்? தப்பெண்ணத்தைத் தண்டிக்கப் புகுந்த தீர்ப்பும் அதன் வடிவத்தையே பெற்றுவிடுகின்றது.

இக்கதையிலிருந்து மெய்யுலகுக்குப் பாடம் பெறுவோர் ஓர் எல்லையை மனங்கொள்ளல் வேண்டும். விளையாட்டின் இனங்கள் உடலமைப்பாலும் ஆயுளாலும் உண்மையிலேயே வேறுபட்ட உயிர்கள்; மனிதரிடையே ‘இனம்’ எனப்படுவது அத்தகையதன்று. அங்கேயே தனியொருவரை அவரவர் செயல்கொண்டு அளத்தல் கடமையாயின், ஒரே உயிரினமான மனிதரிடையே அக்கடமை மேலும் வலுப்பெறுகின்றது.

எனவே அஷ்லி வில்லியம்ஸின் அவநம்பிக்கை தப்பெண்ணமா என்பதற்கு ஒற்றைச்சொல் விடை பொருந்தாது. அரசுகளை ஐயுறும்போது அவள் எச்சரிக்கையுடையவள். முகமறியா உயிர்களை இகழும்போது தப்பெண்ணமுடையவள். வரலாற்றிற் காயமுற்ற எந்தச் சமூகத்துக்கும் எச்சரிக்கையாயிருக்கும் உரிமையுண்டு. ஆயின், எதிரே வந்து நிற்கும் தனிமனிதரிடம் அக்காயத்துக்கான கணக்கைத் தீர்க்கும் உரிமை எவர்க்கும் இல்லை.