ஓட்டமும் களஞ்சியமும்

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் ராஜகிரியைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். 2025-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது செஞ்சியும் அதில் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அண்ணாந்து பார்க்கிற கூட்டம் இன்னும் அதிகம். எனக்கென்னவோ அந்த உச்சியைக் காட்டிலும் அடிவாரத்திலுள்ள களஞ்சியத்தின் பேரில்தான் பிரியம். தடித்த சுவரும் வளைந்த கூரையுமாக, அலங்காரம் எதுவும் இல்லாத கட்டடம் அது. ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர்கான் 1690-இல் முற்றுகையைத் தொடங்கினான். கோட்டை அவன் கைக்கு வந்தது 1698-இல். அத்தனை வருஷம் ஒரு கோட்டை தாக்குப்பிடித்தது என்றால் அதற்கு மதில் மட்டுமா காரணம்? உள்ளே நெல்லும் குளத்தில் தண்ணீரும் இல்லாவிட்டால் மதில் என்ன செய்யும்? வெளியிலிருந்து வருவது நின்றுபோனாலும் உள்ளே இருப்பதைக் கொண்டு உயிர் வாழலாம் என்ற நம்பிக்கைதான் களஞ்சியம்.

இந்தக் களஞ்சியம் எதிர்பாராத ஒரு சந்தர்ப்பத்தில் என் நினைவுக்கு வந்தது.

மேலச்சேரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எனக்குத் தெரிந்த கூத்து வாத்தியார் ஒருவர் இருந்தார். திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலெல்லாம் பாரதம் படிப்பார்கள். இரவெல்லாம் கூத்து நடக்கும். கீசகன் வேஷம் கட்டி அவர் வெளிப்பட்டால் முன்வரிசைக் குழந்தைகள் தாயின் மடிக்குள் புகுந்துகொள்ளும். அவருடைய கடைசிக் காலத்தில் ஒரு நிறுவனத்தார் வந்து, ஓர் இரவு முழுவதும் அவருடைய ஆட்டத்தைப் படம்பிடித்துப் போனார்கள். மாதச் சந்தா கட்டினால் கைப்பேசியிலே பார்க்கலாம். வாத்தியார் காலமான பின் அவருடைய பேரன் சந்தா கட்டி வந்தான். திவசத்தன்று வீட்டிலுள்ளவர்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்து அதைப் பார்ப்பதென்று வழக்கமாகியிருந்தது.

போன வருஷம் அந்தப் பையன் என்னைத் தேடி வந்தான். கைப்பேசியை நீட்டி, "தாத்தாவக் காணோம் சார்" என்றான்.

திரையில், இந்தக் காட்சி இப்போது கிடைக்காது என்று ஒரு வரி இருந்தது. "டவுன்லோடு பண்ணி வெச்சிருந்தியே, அப்பா?" என்று கேட்டேன். அதுவும் திறக்கவில்லை என்றான். படம் அவனுடைய கைப்பேசிக்குள்தான் இருந்தது. ஆனால் அது அவனுடையதாக இல்லை. இதற்கு என்ன பொருள் என்று யோசித்துக்கொண்டு நான் இரண்டு நாள் தூங்கவில்லை. நான் கல்லூரியில் படித்த பௌதிகம் கொஞ்சந்தான். ஆகவே தெரிந்தவர்களிடம் விசாரித்துக்கொண்டேன். விசாரித்ததில் விளங்கியதைச் சொல்கிறேன்.

படம் என்பது மிகப் பெரிய சுமை. இன்றைய சாதாரண உயர்தரப் படத்தில் ஒரு சட்டத்துக்கு 1920-க்கு 1080 என்ற கணக்கில் ஏறக்குறைய 20 லட்சம் புள்ளிகள். விநாடிக்கு 25 சட்டங்கள். புள்ளி ஒன்றுக்கு மூன்று பைட் என்று வைத்தால் இரண்டு மணி நேரப் படம் ஆயிரம் ஜிகாபைட்டுக்கும் மேலே போய்விடும். இதை எந்தக் கம்பியில் அனுப்புவது? ஆகவே சுருக்குகிறார்கள். சுருக்கவும் விரிக்கவும் தெரிந்த கணக்குக்குக் கோடெக் என்று பெயர். 2003-இல் வகுக்கப்பட்ட ஹெச்.264 என்பது அவற்றில் மிகவும் பழகிப்போன ஒன்று. அது ஒரு சட்டத்தை முழுசாக அனுப்பும். பிறகு வரும் சட்டங்களில் எது மாறியதோ அதை மட்டும் சொல்லும். கீசகன் கை அசைந்தால் கையைச் சொல்லும். பின்னாலிருக்கும் திரைச்சீலையைத் திரும்பச் சொல்லாது. கண் கவனிக்காத நுணுக்கங்களையும் விட்டுவிடும். விநாடிக்கு 50 லட்சம் பிட் என்ற வேகத்தில் அனுப்பினால், அந்த ஆயிரம் ஜிகாபைட் நாலரைக்குள் அடங்கிவிடுகிறது. அந்த வேகத்துக்குத்தான் பிட்ரேட் என்று பெயர்.

அடுத்தது, இதை முழுசாக இறக்கி வைத்துக்கொண்டு பார்ப்பதில்லை. சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்குகிறார்கள். ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் தயாராக இருக்கும். பார்க்கிறவனுடைய இணைப்பின் வேகத்தை அவன் கையிலுள்ள கருவியே அளந்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று முடிவு செய்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2009-இல் கொண்டுவந்த ஹெச்.எல்.எஸ். முறையும், 2012-இல் சர்வதேசத் தரமாக வெளிவந்த டேஷ் முறையும் இப்படித்தான் வேலை செய்கின்றன. சென்னையில் பெரிய திரையில் பார்க்கிறவனுக்குத் தெளிவான படம். எங்கள் ஊர் டீக்கடைப் பெஞ்சில் பார்க்கிறவனுக்கு மங்கலான படம். தரம் குறைந்தாலும் குறையட்டும், ஓட்டம் நிற்கக் கூடாது என்பதுதான் இதன் தர்மம்.

ஓட்டம் நிற்காமலிருக்க இன்னொரு ஏற்பாடும் உண்டு. அடுத்து வரவேண்டிய துண்டுகளை முன்கூட்டியே வாங்கிச் சற்றுச் சேர்த்து வைத்துக்கொள்வார்கள். இதுதான் பஃபர். திரையில் வட்டம் சுற்றினால், சேர்த்து வைத்தது தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இதைக் கேட்டவுடன் எனக்கு எங்கள் களஞ்சியம் ஞாபகம் வந்தது. முற்றுகைக் காலத்துத் தானியம் போலவே அல்லவா இதுவும்? ஆனால் ஒரு வித்தியாசம். களஞ்சியத்தில் நெல் வருஷக்கணக்கில் கிடக்கும். பஃபரில் சேர்வது பார்த்த சிறிது நேரத்துக்கெல்லாம் கழிந்துவிடும். அடுத்த கவளத்துக்கு மட்டும் இருக்கிறது, நாளைக்கு இல்லை.

நிஜமான களஞ்சியம் வேறிடத்தில் இருக்கிறது. பார்க்கிறவர்களுக்குக் கிட்டத்தில் பிரதிகளை வைத்து வழங்கும் வலைப்பின்னல்கள் இருக்கின்றன. 1998-இல் அமெரிக்காவில் தோன்றிய அகமாய் இவ்வகையில் முன்னோடி. நெட்பிளிக்ஸ் தன் பெட்டிகளை இணையச் சேவை தருகிறவர்களின் கட்டடங்களிலேயே கொண்டு வைத்திருக்கிறது. படம் நமக்கு இவ்வளவு கிட்டத்தில் வந்து நிற்கிறது. ஆயினும் பூட்டியே வருகிறது. சாவி தனியாக வருகிறது. அதற்குக் காலக்கெடு உண்டு. டி.ஆர்.எம். என்று சொல்லப்படும் உரிமைப் பூட்டு இதுதான். இந்தப் பையனுடைய தாத்தா பெட்டிக்குள் இருக்க, சாவி மட்டும் காலாவதியாகிவிட்டது.

இனி என் கேள்விக்கு வருகிறேன். அவனுக்குக் குறைசொல்ல உரிமை உண்டா?

இல்லை என்று வாதிக்கலாம். அவன் வாங்கியது படத்தை அல்ல, பார்க்கும் அநுமதியை. தவிர, கூத்து மட்டும் நிற்கிறதா என்ன? விடிந்தால் அரிதாரத்தைக் கழுவிவிடுகிறார்கள். ஓடி மறைவதுதான் கலையின் இயல்பு என்றால், ஓடி மறைந்த ஒன்றுக்காக ஏன் அழ வேண்டும்? பூட்டு வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. எழுத்தை விற்றுச் சாப்பிடுகிற ஜாதி நான். திருட்டுப் பிரதியால் வயிற்றில் அடிபட்டவர்களை எனக்குத் தெரியும். 2020 மே மாதம், கொரோனாவால் கொட்டகைகள் மூடிக் கிடந்தபோது, 'பொன்மகள் வந்தாள்' அமேசான் பிரைமில் நேரே வெளிவந்தது. அந்தப் பூட்டும் சாவியும் இல்லாதிருந்தால் அதைத் தயாரித்தவர்களுக்குப் போட்ட பணம் எப்படித் திரும்பியிருக்கும்?

பழைய முறையில் எல்லாம் பத்திரமாக இருந்தது என்று சொல்லவும் வழியில்லை. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்'. நூறு வருஷத்துக்கு மேலாகிறது. அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. அதை யாரும் பூட்டி வைக்கவில்லை. கவனிப்பார் இல்லாமல் போயிற்று. ஆனால் பாருங்கள், பிலிம் சுருளில் பதிந்த கீசகன் போய்விட்டான். கரிவெளிச்சத்தில் ஆடி விடிந்ததும் கலைந்த கீசகன் எங்கள் பக்கத்தில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறான்! தேசிங்குராஜன் செஞ்சியை ஆண்டது சில மாதங்கள்தாம். 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு போரிட்டு இளவயதிலேயே மாண்டான். அவனைக் கதைப்பாட்டு முந்நூறு வருஷமாக ஆள வைத்திருக்கிறது.

ஆகவே நிற்பதா ஓடுவதா என்பது பிரச்னை அல்ல. ஒரு பொருளை அடுத்தவனிடம் கொடுக்க யாருக்காவது உரிமையும் இருக்க வேண்டும், கடமையும் இருக்க வேண்டும். கூத்தில் இரண்டும் உண்டு. சீடனுக்குப் பாட்டைச் சொல்லிக் கொடுக்க வாத்தியாருக்கு உரிமை. கொடுக்காமல் செத்தால் பாவம். மௌனப் படத்தில் உரிமை இருந்தது, கடமையை யாரும் ஏற்கவில்லை. இன்றைய ஓடைப் படத்திலோ, நேசிக்கிறவனுக்கு உரிமை இல்லை. உரிமை உள்ளவனுக்குக் கடமை இல்லை. இதுதான் என்னை உறுத்துகிறது.

2009-இல் அமேசான் நிறுவனம், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்து, ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களைப் பணம் கொடுத்து வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அழித்துவிட்டது. பின்னால் மன்னிப்பும் கேட்டது. 2024 ஜனவரியில் 'அன்னபூரணி' என்ற தமிழ்ப் படம், கண்டனங்கள் எழுந்ததும் நெட்பிளிக்ஸிலிருந்து நீக்கப்பட்டது. அந்தப் படம் நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம். முன்பு ஒரு புஸ்தகத்தை ஒழிக்க வேண்டுமானால் வீடு வீடாகப் போய்க் கொளுத்த வேண்டும். எங்கேயாவது ஒரு பரணில் ஒன்று தப்பிவிடும். இப்போது ஒரே இடத்தில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். பரண் என்பதே இல்லை.

புஸ்தக விஷயத்தில் நம் நாட்டார் ஒரு காரியம் செய்தார்கள். 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி, நூல் வெளியிடுகிறவர் தம் செலவில் சில பொது நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். சென்னை கன்னிமாரா நூலகம் அவற்றில் ஒன்று. அதனால் எந்தப் பதிப்பாளரும் ஏழையாகிவிடவில்லை. விற்கும் உரிமை அவருக்கு, காக்கும் கடமை ஊருக்கு என்று நியாயமாகப் பங்கு போட்டிருக்கிறது. அந்தச் சட்டம் அச்சிட்ட நூலைப் பற்றித்தான் பேசுகிறது; ஓடிவரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை. பூட்டு இருக்கட்டும், ஆனால் பூட்டிய ஒவ்வொன்றுக்கும் பூட்டாத பிரதி ஒன்று பொதுக் களஞ்சியத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசையாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பையனுக்காக நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. சேதி சொல்ல அவன் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து, "தாத்தா சபைக்கு வரும்போது பாடுவாரே, அது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். வெட்கப்பட்டான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு பாடினான். இரண்டாவது அடியில் தடுமாறினான். சமையலறையிலிருந்து அவன் பாட்டி, வெளியே வராமலே, அந்த அடியைச் சரியாக எடுத்துக் கொடுத்தாள். ஒரு நாளும் மேடை ஏறாதவள். அவளை யாரும் படம் பிடிக்கவுமில்லை.

பையன் மறுபடியும் முதலிலிருந்து பாடினான். பாட்டி அடுப்பைத் தணித்துவிட்டு வாசற்படிக்கு வந்து உட்கார்ந்தாள். நான் சொல்லப் போன சேதியைச் சொல்ல அன்று இருட்டிவிட்டது.