வேடிக்கையும் வழக்கமும்

திருக்கோணமலைக்கு மாற்றலாகி வந்த எழுதுவினைஞர் ஒருவரைக் கருதுக. யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலே பிறந்து வளர்ந்த அவர், விடியற்காலையிற் பஸ் வண்டியை விட்டிறங்கிப் பெட்டியும் கையுமாக நிற்கின்றார். சந்தியிலே நான்கைந்து புள்ளிமான்கள் ஊர் மாடுகளைப் போல நடந்து வந்து, இன்னும் திறக்கப்படாத மரக்கறிக் கடையொன்றின் முன்னே சிதறிக் கிடக்கும் கோவா இலைகளைத் தின்கின்றன. அவர் வியப்புற்று நிற்கின்றார். கடை திறக்க வந்தவரோ மான்களைத் திரும்பியும் பாராது வாசலுக்குத் தண்ணீர் தெளிக்கின்றார். மூன்றாண்டுகள் கழிகின்றன. அதே சந்தியில் வழிமறித்து நிற்கும் மானை நோக்கி, அதே எழுதுவினைஞர் சைக்கிள் மணியை ஓங்கி அடிக்கின்றார். கச்சேரிக்கு நேரமாயிற்றே என்ற சினம் அவர் முகத்திலே தெரிகின்றது. இந்த மூன்றாண்டுகளில் அவர் அவ்வூரை அறிந்துகொண்டாரா, அன்றி இழந்துவிட்டாரா?

வினா அற்பமானதாகத் தோன்றலாம். ஆயின், பிறந்த ஊரிலேயே வாழ்ந்து முடிப்போர் அருகிவிட்ட காலம் இது. உத்தியோகத்தின் பொருட்டும் கல்வியின் பொருட்டும் உயிர் காத்தற்பொருட்டும் மனிதர் ஊர்விட்டு ஊர் செல்கின்றனர். நிலாவெளி வீதியிலுள்ள பல்கலைக்கழக வளாகத்திற் கற்க வருவோருட் பெரும்பாலோர் வேற்றூரினரே. வந்த ஊரை ஒருவர் எவ்வாறு நோக்குதல் தகும் என்பது அழகியல் வினா மாத்திரமன்று. அது அறவியல் வினாவுமாகும்.

வியப்பே மெய்யறிவின் தோற்றுவாய் எனக் கிரேக்க ஞானிகளான பிளேட்டோவும் அரிஸ்டோட்டிலும் கருதினர். இக்கருத்தைத் துணையாகக் கொண்டு, புதிதாக வந்தவரின் கண்ணே ஊரை உள்ளபடி காண்கின்றது என்றும், பழகியவரின் கண் மரத்துப்போனது என்றும் ஒருசாரார் கூறுவர். திருக்கோணமலை இக்கூற்றுக்கு வாய்ப்பான ஊர். கோட்டைக்குள்ளே மான்கள், கோட்டை வாயிற் கல்லிலே இணைக்கயல், கன்னியாவில் அருகருகே அமைந்து, சற்றே வேறுபட்ட வெப்பமுடைய ஏழு கிணறுகள், பிரித்தானியர் காலத்து மயானமொன்றில் ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பியாகிய கடற்படைத் தளபதி சாள்ஸ் ஒஸ்ரினின் கல்லறை. பாறைமுனையிலே நிற்கும் தூண், காதலிற் தோற்றுக் கடலிற் குதித்த ஒல்லாந்து நங்கை ஒருத்தியின் நினைவாக எழுந்தது என்பர். அவள் பின்னர் வேறொருவரை மணந்து வாழ்ந்தாள் என ஆய்வாளர் எடுத்துக் காட்டியும், குதித்த கதையே இன்றும் வழங்குகின்றது. உலகின் இயற்கைத் துறைமுகங்களுள் இஃது எத்தனையாவது பெரியது என்பதிலோ நூலுக்கு நூல் வேறுபாடு காணப்படுகின்றது. புதியவர் எல்லாவற்றுள்ளும் பெரிய எண்ணையே நம்ப விரும்புவர்.

இவ்வியப்பைக் குறைகூறுதற்கில்லை. ஆயினும் அதற்கு ஓர் இலக்கணம் உண்டு: வியப்பவர் எதனையும் செலவிடுவதில்லை. மானைக் கண்டு மகிழ்ந்தவர் அடுத்த பஸ்ஸிற் செல்லலாம். தோட்டத்துக் கீரையை மான் தின்பதும், பொலித்தீன் பையை விழுங்கிய மான் வீதியோரம் மாண்டு கிடப்பதும் அவருடைய கணக்கிற் சேரா. அவற்றின் இழப்பையும் அருவருப்பையும் ஏற்பவர் ஊரவரே. மானைத் திரும்பிப் பாராத அக்கடைக்காரர், அதனைக் கல்லால் அடித்துத் துரத்தவுமில்லை என்பது கருதற்பாலது. தமக்குரிய வாசலில் பிறிதோர் உயிருக்கும் வழியுண்டு என நாள்தோறும் வாளாவிருத்தல் எளிதான செயலன்று. பாராமுகம் போலத் தோன்றுவது சிலவேளைகளிற் பொறையாகவும் இருக்கக் கூடும்.

இவ்வாறு கூறுவதனாற் பழகியவர் பக்கமே நியாயம் என்று முடிவு கட்டிவிடுதலும் ஆகாது. கோணேசர் கோயிலின் வரலாறு இவ்விடத்து உதவும். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் அக்கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினர். ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் கைக்கொண்ட அக்கோட்டைக்கு 1803ஆம் ஆண்டு பிரெட்றிக் கோட்டை எனப் பெயர் இடப்பட்டது. கோயில் இல்லாதொழிந்த பின்னரும், வெறும் பாறையின் முனையில் நின்று கடலை நோக்கிப் பூசை செய்யும் வழக்கத்தை ஊரவர் கைவிட்டாரல்லர்; 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் இதனைக் கண்டு எழுதிவைத்துள்ளனர். அவர்கட்கு அது வேடிக்கை, செய்தவர்கட்கு வழக்கம். 1950ஆம் ஆண்டு கிணறு வெட்டுகையில் மண்ணுள்ளிருந்து தெய்வத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறிய எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவர்தம் தோழர் மைக் வில்சனும் பாறையடியிற் கடலுள் மூழ்கிக் கோயிலின் இடிபாடுகளைக் கண்டனர். 1963ஆம் ஆண்டு புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. கடலுள் இறங்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆவல் புதியவர்களுக்கே தோன்றியது என்பது உண்மை. ஆயின், கல்லொன்றும் எஞ்சாத பாறையை முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கோயிலாகவே வைத்திருந்தவர்கள், அங்குப் பார்ப்பதற்கு எதுவுமில்லாத காலத்திலும் நாள்தோறும் மலையேறியவர்களே. காணும் திறன் ஒருவரிடத்தும் காக்கும் திறன் பிறரிடத்தும் இருந்தன எனலாம்.

அவ்வாறாயின், ஒருவர் தங்கிய கால அளவு கொண்டு அவர் எவ்வூரவர் என்று தீர்மானிக்கலாமோ? குடாவைச் சூழ்ந்த கரைகள் இதற்குத் தரும் விடைகள் ஒன்றோடொன்று முரணுகின்றன. 1660ஆம் ஆண்டு கொட்டியாரக் கரையிலே கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்ட ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டிற் சிறைவாழ்வு வாழ்ந்து தப்பியோடி, 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூல், இலங்கையரின் அன்றாட வாழ்வு பற்றிய தலைசிறந்த சான்றுகளுள் ஒன்றாயிற்று. தொப்பி பின்னி விற்றும் நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் அவர் பிழைத்தார். உண்பதற்கும் உடுப்பதற்கும் அறிய வேண்டியிருந்தமையாலேயே அவர் நுணுகி அறிந்தார். அது வேடிக்கை பார்த்தவரின் அறிவன்று. எனினும் இந்நாட்டவராக வாழ அவர் ஒருநாளேனும் விரும்பினாரல்லர். சாள்ஸ் ஒஸ்ரினோ 1852இல் பர்மாவில் இறந்தவர். இவ்வூர் மண்ணிலே கிடக்கும் அவருக்கு இவ்வூர் அன்றாடம் பற்றிய சொல் ஒன்றும் இல்லை. அறிந்தவர் நீங்கினார், அறியாதவர் தங்கினார்.

வாடிக்காரரின் நிலை இவற்றினுஞ் சிக்கலானது. மேற்குக் கரையிலே தென்மேற்குப் பருவக்காற்று வீசிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில், நீர்கொழும்பு, சிலாபம் முதலிய இடங்களிலிருந்து மீனவர் கிழக்குக் கரைக்கு வந்து, மணலிலே வாடி அமைத்துத் தொழில் செய்வர். வடகீழ்ப் பருவக்காற்று இக்கரையைத் தாக்குமுன் மீண்டுவிடுவர். தலைமுறை தலைமுறையாக வரும் அவர்கள் இக்கடலின் நீரோட்டத்தையும் மீன் படும் இடத்தையும், கச்சேரியில் இருபதாண்டு பணியாற்றிய உத்தியோகத்தரைக் காட்டிலும் நன்கறிவர். உழைப்பும் இடரும் அவர்கட்கு உண்டு. ஆயினும் அவர்கள் இழுக்கும் வலை, உள்ளூர்க் கரைவலைக்காரரின் மீனையும் அள்ளுகின்றது. ஊரின் சுமையிற் பங்கேற்பவரே ஊரவர் என்று இலகுவாக இலக்கணம் வகுக்க முற்படுவோர், இவர்களை எவ்விடத்து வைப்பது என்று தடுமாறுவர். மழைக்காலத்திலும் தங்கியிருப்பவர் என்று அவ்விலக்கணத்தைத் திருத்தினாற் சிறிது பொருந்தும். ஊரொன்றின் இன்னாத பருவத்தை அறியாதவர் அதன் பாதியையே அறிந்தவராவர்.

இன்னாத பருவம் மழையால் மாத்திரம் வருவதன்று. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மேற் குண்டு பொழிந்தன. 1957இற் பிரித்தானியக் கடற்படை நீங்கியபோது, கப்பற்றுறைத் தொழிலை நம்பி வெளியூர்களிலிருந்து வந்து வேரூன்றிய குடும்பங்கள் வேலை இழந்து நின்றன. சீனக்குடாவிலே காட்டினிடையே வரிசையாக நிற்கும் ஏறத்தாழ நூறு எண்ணெய்த் தாங்கிகளைப் புதியவர் விந்தையாகப் பார்க்கின்றனர். அவை அக்கடற்படையின் தேவைக்கெனப் பிரித்தானியர் விட்டுச் சென்றவை. மாலைவேளையிற் கச்சான் கொறித்துக்கொண்டு காற்று வாங்குவதற்குத் திருக்கோணமலைக் கடற்கரையைப் போன்ற இடம் கிழக்கில் அரிது. 2006 சனவரி 2ஆம் நாள் மாலை, அவ்வாறு காற்று வாங்கிக்கொண்டிருந்த மாணவர் ஐவர் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டிற் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்து, பலர் கிளிவெட்டி முதலிய இடங்களின் முகாம்களில் ஆண்டுக்கணக்காகத் தங்கினர். சொந்த மாவட்டத்துள்ளேயே அவர்கள் வந்தவர்களாயினர். இவற்றை அறியாது கடற்கரையை அழகென்று கூறுதல் குற்றமாகாது, கரை அழகானதே. ஆனால், பக்கத்தில் அமர்ந்து அலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊரவர் ஏன் பேசாதிருக்கின்றார் என்பதைச் சுவையுணர்வின்மை என்று கொள்ளும் உரிமை எவருக்கும் இல்லை.

எல்லா ஊரும் தனக்கு ஊரே என்று பாடிய புறநானூற்றுப் புலவரைத் தமிழ் மன்றங்களில் மேற்கோள் காட்டாதார் இல்லை. அப்பெருங்கூற்று வந்தவரின் வாயிலிருந்து எழுவது. அவ்வூர் அவரைத் தன்னவர் என ஏற்றதா என்பதைக் கூற்று உரைக்கவில்லை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எனும் மூவினத்தாருள் எவரும் தனித்துப் பெரும்பான்மையினர் அல்லாத இம்மாவட்டத்தில், யார் முன்னர் வந்தார் என்ற வழக்கு ஒவ்வொரு கல்லையும் நீர்நிலையையும் தொட்டு எழுகின்றது. கன்னியாக் கிணறுகளைப் பற்றிய பிணக்கு 2019இல் நீதிமன்றம் வரை சென்றது. வந்த முறைமையை மாத்திரம் கொண்டு உரிமையை அளந்தால் மானுக்கே முதலுரிமை என்று கூறிச் சிரிக்கலாம். ஆனால் அவ்வழக்கினால் உறக்கமிழந்தவர்கட்கு அது சிரிப்புக்குரியதன்று.

முதலிற் கூறிய எழுதுவினைஞரிடம் மீளலாம். நான்காம் ஆண்டில் அவருடைய தந்தையார், மகனுடன் வந்து தங்கியிருந்த இடத்திலேயே காலமாகின்றார் எனக் கொள்க. யாழ்ப்பாணத்தவராதலின் அந்தியேட்டிக் கிரியைகளுக்குக் கீரிமலைக்கே செல்லவேண்டும் என்று உறவினர் கூறுகின்றனர். அயல்வீட்டு முதியவரோ, இவ்வூரார் கன்னியாவிலேதான் செய்வது வழக்கம், தாயாருக்கு இராவணன் கடன் செய்த இடமல்லவா, எனக்குத் தெரிந்த ஐயர் இருக்கின்றார், நானும் கூட வருகின்றேன் தம்பி என்கின்றார். அவர் கன்னியாவுக்கே செல்கின்றார்.

அன்று விடுமுறை நாள். கிணறுகளைச் சூழ வெளியூர் மாணவர் கூட்டம். ஒவ்வொரு கிணற்றிலும் விரலை இட்டுப் பார்த்து, சுடுகின்றது, இல்லை, இதுதான் கூடச் சுடுகின்றது என்று அவர்கள் ஆரவாரிக்கின்றனர். சிலர் படம் எடுக்கின்றனர். ஈரவேட்டியுடன் தமது முறைக்காகக் காத்து நிற்கும் அவருக்குச் சினம் எழுகின்றது. பின்னர், வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமும் நண்பர்களும் இவ்விடத்திலேயே இட்ட கூச்சல் நினைவுக்கு வருகின்றது. அன்று ஓரமாக ஒதுங்கி நின்ற குடும்பமொன்றின் முகங்களும் நினைவுக்கு வருகின்றன. வாளியோடு அருகில் வந்த மாணவன் ஒருவன் அவருடைய கோலத்தைக் கவனியாமல், "அண்ணை, இதில எது ஆகச் சுடுகிற கிணறு?" என்று கேட்கின்றான். அவர் கையை நீட்டிக் கிணற்றைக் காட்டுகின்றார். மாணவன் அப்போதுதான் நெற்றித் திருநீற்றையும் பக்கத்திலிருந்த பிண்டத் தட்டையும் காண்கின்றான். வாளியை மெல்லக் கீழே வைத்துவிட்டு, தோழர்களை நோக்கிச் சத்தம் போடவேண்டாம் என்று கைகாட்டுகின்றான்.