திரை வன்முறையும் மனிதப் பொறுப்பும்

திரையில் வன்முறை மிகும்போதெல்லாம் சமூகம் சீற்றங் கொள்கின்றது. இளைஞர் கெடுகின்றனர், படத்தைத் தடைசெய்க என்பதே அச்சீற்றத்தின் வழமையான குரல். அக்குரல் மனிதனைப் பற்றி யாது கருதுகின்றது என்பது ஆராயத்தக்கது.

ஸ்டான்லி குப்ரிக்கின் நெறியாள்கையில் 1971இல் வெளிவந்த ‘எ குளொக்வேர்க் ஒறேஞ்’ இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். அந்தனி பேர்ஜஸ் 1962இல் வெளியிட்ட நாவலைத் தழுவிய இப்படம் பிரித்தானியாவிற் பெருங் கண்டனத்துக்குள்ளாயிற்று. இளைஞர் சிலர்மீதான குற்ற விசாரணைகளிற் சட்டத்தரணிகள் இப்படத்தின் செல்வாக்கைச் சுட்டினர். ஈற்றில் குப்ரிக்கின் விருப்பப்படியே அது அந்நாட்டுத் திரைகளிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. 1999இல் அவர் மறைந்த பின்னர், 2000ஆம் ஆண்டிலேயே அங்கு மீண்டும் திரையிடப்பட்டது.

படத்தின் கதையோ இவ்விவாதத்தையே தன்னுட் கொண்டது. கொடுஞ் செயல் புரிந்து சிறைப்பட்ட அலெக்ஸ் என்னும் இளைஞனுக்கு மருந்தேற்றி, இமைகளை மூடவிடாது, வன்முறைப் படங்களைக் காட்டுகின்றனர். அதன்பின் வன்முறையை நாடினாலே அவனுக்குக் குமட்டுகின்றது. அவன் தீமை செய்வதில்லை; ஆயினும் நல்லவனாகிவிடவில்லை. தெரிவு செய்யும் ஆற்றலற்றவனிடம் அறமில்லை எனச் சிறைச்சாலைக் குருவானவர் மறுத்துரைக்கின்றார்.

இங்கு ஒரு முரண் புலனாகின்றது. படம் பார்த்தமையாற் குற்றம் விளைந்தது என்போரும், படங் காட்டியே ஒருவனைத் திருத்தலாம் என்னும் கதையின் அரசும் மனிதனை ஒரே வகையிற் காண்கின்றனர்: சாவி கொடுத்தால் இயங்கும் பொறியாக. காரணம் படமே எனின், குற்றவாளி தன் பொறுப்பினின்றும் தப்பிவிடுகின்றான்.

அவ்வாறாயின் திரை யாதொரு பாதிப்பையும் விளைப்பதில்லை எனலாமா? அதுவும் பொருந்தாது. அல்பேட் பண்டூராவும் உடனாய்வாளரும் 1963இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர் ஒருவர் பொம்மையைத் தாக்குவதைப் படத்திற் கண்ட சிறுவர், காணாதோரிலும் மிகுதியாக அத்தகைய செயல்களில் ஈடுபட்டனர். பொம்மையை அடித்தல் மனிதனை அடித்தலாகாது. எனினும் கண்டது கைக்கு வரும் என்பதை அது உணர்த்திற்று. மேலும், கலை மனிதனை உயர்த்தும் எனப் போற்றுவோர், அது அவனைத் தாழ்த்தவே மாட்டாது என வாதிடல் இயலாது.

தூண்டல் வேறு, கட்டாயம் வேறு. தூண்டுபவனின் பொறுப்பு, தூண்டப்படுபவனின் பொறுப்பை அழிப்பதில்லை. பொதுச் சீற்றத்தின் குறைபாடு பிறிதோரிடத்தில் உள்ளது. ‘இப்படம் பிறரை என்ன செய்யும்?’ என வினவும் ஒருவர், ‘இதைக் கண்டபோது என் மனம் எதில் மகிழ்ந்தது?’ எனத் தம்மை வினவுவதில்லை. முதல் வினாவுக்குத் தணிக்கைச் சட்டம் ஓரளவு விடையளிக்கலாம். இரண்டாவதற்கு ஒவ்வொருவரும் தாமே விடையளித்தல் வேண்டும்.