வழங்கப்பட்ட விடுதலையும் கைக்கொண்ட விடுதலையும்: பிரெஞ்சு கயானாவின் ஆப்பிரிக்க வழியினரை முன்வைத்து

விடுதலை என்பது ஒருவர் மற்றொருவருக்கு வழங்கக்கூடிய பொருளா? அடிமை விடுதலை பெற்றான் என்று எழுதும்போது, கொடுத்தவன் ஒருவன் உளன் என்பது அத்தொடரிலேயே அடங்கிவிடுகிறது. எவ்வுரிமையால் அவன் கொடுத்தான் என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவை ஆராய ஏற்ற களம், தென்னமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் அமைந்த பிரெஞ்சு கயானா. (ஆங்கிலேயரிடமிருந்து 1966இல் விடுபட்ட கயானா நாடு வேறு, இது இன்றும் பிரான்சின் கடல்கடந்த ஆட்சிப்பகுதியாகும்.) அங்கு வாழும் ஆப்பிரிக்க வழியினருள் இரு பெரும் பிரிவினரை இங்குக் கருதவேண்டும். கடற்கரையோரக் கிரியோல் மக்களின் முன்னோருட் பெரும்பாலோர் அரசாணையால் விடுவிக்கப்பட்டவர்கள். மேற்கு எல்லையான மரோனி ஆற்றங்கரையில் வாழும் மரூன் மக்களின் முன்னோரோ, தோட்டங்களை விட்டுத் தப்பிக் காடு புகுந்து, எவருடைய ஆணைக்கும் காத்திராமல் தம் விடுதலையைத் தாமே ஆக்கிக்கொண்டவர்கள்.

முதலில் ஆணைவழி வந்த விடுதலையை நோக்குவோம். பிரெஞ்சுப் புரட்சி அரசு 1794இல் தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்தது. நெப்போலியன் 1802இல் அதனை மீண்டும் நிலைநாட்டினார். கயானாவில் இம்மீட்டமைப்பை நிறைவேற்றிய ஆளுநர் விக்தோர் யூக் என்பவர், 1794இல் குவாதலூப் தீவிற்கு ஒழிப்பாணையைக் கொண்டுசென்றவர். ஒருவரது கையே ஓரிடத்தில் விலங்கை அவிழ்த்தது, மற்றோரிடத்தில் பூட்டியது. இதனை ஒரு தனிமனிதரின் முரண்பாடு என்று மட்டும் கூறி அமைதல் போதாது. கொடுப்பவனது உளப்பாங்கைச் சார்ந்து நிற்கும் விடுதலை, அவ்வுளப்பாங்கு மாறும்போது தானும் மாறும். எட்டாண்டுகள் தம்மைக் குடிமக்கள் என்று எண்ணியிருந்தோர் மறுபடியும் உடைமைகளாயினர்.

இரண்டாம் ஒழிப்பாணை 1848 ஏப்ரல் 27இல் பிறந்தது. அதன்பின் முன்னே பல்லாண்டு உழைத்தவர் விக்தோர் ஷொல்ஷேர். கயானாவில் ஏறத்தாழப் பன்னிரண்டாயிரம் பேர் விடுவிக்கப்பட்டனர். ஆணை அறிவிக்கப்பட்ட சூன் 10ஆம் நாள் இன்றும் அங்கு நினைவுகூரப்படுகிறது. அறநோக்கில் ஆழ்ந்து கருதவேண்டியது மறு ஆண்டின் சட்டமே. 1849 ஏப்ரலில் இயற்றப்பட்ட அச்சட்டம், பிரெஞ்சுக் குடியேற்றங்களின் அடிமையுரிமையாளர்களுக்கு ஏறத்தாழ 12 கோடியே 60 இலட்சம் பிராங்குகளை இழப்பீடாக ஒதுக்கியது. அடிமைப்பட்டிருந்தோர்க்கு ஒன்றும் இல்லை.

இதற்கு ஆதரவாகக் கூறத்தக்கதும் உண்டு. பொருள் கொடாமல் தோட்டக்காரர்களின் இசைவைப் பெற முடிந்திராது. கூலி கொடுக்கக் கையில் பணமின்றித் தோட்டங்கள் அழிந்திருக்கும். அரசியல் நடைமுறை என்ற அளவில் இவ்வாதம் வலிமையுடையதே. ஆயினும் இழப்பீடு என்னும் சொல் இழப்பு ஒன்றை ஏற்றுக்கொள்கிறது. உரிமையாளன் எதனை இழந்தான்? மனிதன் மனிதனுக்கு உடைமையாக முடியாது என்பதே ஒழிப்பாணையின் அடிப்படையாயின், அவன் இழந்தது ஒன்றுமில்லை. ஒழிப்பாணை மறுத்த உடைமையை இழப்பீட்டுச் சட்டம் விலை கொடுத்து உறுதிசெய்தது. இம்முரண் தீராமலே நின்றது. கயேனில் பிறந்த கிறிஸ்டியான் தொபிரா முன்மொழிந்து, 2001 மே 21இல் நிறைவேறிய சட்டம், அடிமை வணிகத்தையும் அடிமைமுறையையும் மனிதகுலத்திற்கு எதிரான குற்றம் என அறிந்தேற்றது. விளைந்த தீங்கை மதிப்பிட்டு ஈடுசெய்யும் வழிகளை ஆராயக் குழு ஒன்று அமைக்கவேண்டும் என்னும் பிரிவு முதல் வரைவில் இருந்தது; நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. 1849இல் கணக்கிட முடிந்த தீங்கு, ஈடு பெறவேண்டியோர் மாறியதும் 2001இல் கணக்கிற்கு அடங்காததாயிற்று.

விடுவிக்கப்பட்டோர் பலர் தோட்ட வேலையை விட்டுச் சிறு நிலங்களை நாடினர். 1855இல் பொன் கண்டுபிடிக்கப்பட்டபின் ஆற்றின் மேற்பகுதிகளுக்கும் சென்றனர். உழைப்பு தேவைப்பட்ட அரசு 1852இல் அலைந்து திரிவோரைத் தண்டிக்கவும், உழைப்பாளர் பணிப்பதிவேடு வைத்திருக்கவும் ஆணையிட்டது. ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளை விலைக்கு வாங்கி, 'விடுவித்து', அவ்விடுதலைக்கு ஈடாகப் பல்லாண்டு ஒப்பந்தத்தில் பிணைத்துக் கொண்டுவரும் முறையும் 1850களில் நடந்தது. விடுதலை ஒரு கடனாக மாற்றப்பட்டதற்கு இதனினும் தெளிவான சான்று காண்டல் அரிது. புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் அனுப்பப்பட்டதும் இத்தேவைக்காகவே. 1856 முதல் 1877 வரை எண்ணாயிரத்திற்கும் மேற்பட்டோர் சென்றனர். அவருள் தமிழர் பலர். இறப்பு மிகுதியைக் கண்ட பிரித்தானிய அரசு 1876இல் இக்குடியேற்றத்தை நிறுத்தியது. புலம்பெயர்ந்த தமிழர் வரலாற்றை எழுதுவோர், அத்தொழிலாளர் யாருடைய மறுப்பால் ஏற்பட்ட வெற்றிடத்தில் நிறுத்தப்பட்டனர் என்பதையும் உடன்வைத்து எழுதுதல் வேண்டும்.

இனி, தாமே கைக்கொண்ட விடுதலை. டச்சுக்காரர் ஆண்ட சூரினாமின் தோட்டங்களிலிருந்து தப்பியோர், போனி என்னும் தலைவரின்கீழ்ப் பல்லாண்டு போரிட்டு, 1770களில் மரோனி ஆற்றைக் கடந்து பிரெஞ்சுப் பக்கம் சேர்ந்தனர். அவர்கள் வழியினரே அலுக்கு மக்கள். இவர்களது விடுதலையைக் களங்கமற்றது என்றும், ஆணைவழி விடுதலையைக் குறையுடையது என்றும் பிரித்துவிடத் தோன்றும். வரலாறு அதற்கு இடந்தரவில்லை. மற்றொரு மரூன் மக்களான என்டியுகா 1760இல் டச்சு அரசுடன் அமைதி உடன்படிக்கை செய்தனர். தம் விடுதலை ஏற்கப்படுவதற்கு ஈடாக, இனித் தப்பிவருவோரைத் திருப்பி ஒப்படைக்க இசைந்தனர். போனி 1793இல் கொல்லப்பட்டது என்டியுகாவினர் கையால்தான். அவர்களைக் குறைகூறுதல் எளிது. முற்றுகைக்கு நடுவே அந்நிபந்தனையை விதித்தவர் எவர் என்பதை மறந்தாலன்றி அது முடியாது. எனினும் அந்நிபந்தனை அறத்தின்முன் விடையின்றியே நிற்கிறது: பின்னே வருபவனுக்குக் கதவை அடைத்துப் பெற்றதை விடுதலை என்று கூறலாமா?

தமிழின் சொல்லமைதி இங்குச் சிறிது துணைசெய்கிறது. விடுதலை, வீடு ஆகிய இரண்டும் 'விடு' என்னும் ஒரே வினையடியிற் பிறந்தவை. அடிமை விடுதலை என்னும் வழக்கில் விடுபவன் உரிமையாளன். அடிமை அவ்வினைக்குச் செயப்படுபொருள். வீடு, கேடு என்பதுபோல் முதனிலை திரிந்த தொழிற்பெயர். வீடு என்பதில் விடுபவன் பிணிப்புண்டவனே, அவனே எழுவாய். மரூன் மக்களின் செயல் இரண்டாவதைச் சார்ந்தது. வீடு என்பதற்கு இல்லம் என்னும் பொருளும் உண்டு. தோட்டத்தை விட்டவர்கள் காட்டில் ஊர்களை அமைத்தனர். ஆனால் அவ்வூர்களின் நிலம் யாருடையது?

கயானா 1946இல் பிரான்சின் மாவட்டமாக ஆக்கப்பட்டது. கயேனில் பிறந்த காஸ்தோன் மொன்னெர்வில் அதற்காக உழைத்தார். அதே நகரில் பிறந்த கவிஞர் லெயோன் தமா, ஒன்றாக்கக் கொள்கையை 1938இலேயே தம் நூலில் கடுமையாகச் சாடியிருந்தார். இவ்வாதம் பெரும்பாலும் கடற்கரையோரின் வாதமே. உள்நாட்டுக் காடுகள் 1930 முதல் 1969 வரை இனினி என்னும் தனி ஆட்சிப்பகுதியாக இருந்தன. அது கலைக்கப்பட்டு நகராட்சிகள் அமைந்தபின்னரே அலுக்கு மக்கள் முறையாகப் பிரெஞ்சுக் குடியுரிமைக்குள் கொண்டுவரப்பட்டனர். போனியின் வழியினர்க்கும் இறுதியில் உரிமை என்பது வழங்கப்பட்ட ஒன்றாகவே வந்துசேர்ந்தது. காட்டை நம்பி வாழும் மக்களுக்கென 1987இல் பிறந்த ஆணை, வேட்டை, மீன்பிடி, பயிர்த்தொழில் ஆகியவற்றிற்காகக் குறித்த நிலப்பகுதிகளைக் கூட்டாகப் பயன்கொள்ள வழிசெய்தது. பயன்கொள்ளும் உரிமை அவர்களுடையது. நிலத்தின் உடைமை அரசினுடையது.